வளையல் இறுகினால் பார்லித் தண்ணீர் போதாது

தாராவியில் என் நாத்தனாருக்கு வளைகாப்பு நடந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. கண்ணாடி வளையல்கள் மணிக்கட்டில் அழுந்திச் சிவப்பாகக் கோடு விழுந்தது. "நீர் கோத்திருக்கு, பார்லித் தண்ணி குடிம்மா" என்றார் அத்தை. நானும் தலையாட்டினேன். அதுதான் நாங்கள் செய்த முதல் தவறு. இரண்டு நாள் கழித்துத் தலைவலி என்று அவள் படுத்த பிறகுதான் பிரஷர் பார்த்தோம்: 160/110. அன்றே ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

இது பிரீஎக்லாம்ப்சியா, கர்ப்பத்தில் பிரஷர் ஏறி உறுப்புகளைத் தாக்கும் நோய். "உப்பைக் குறைத்திருந்தால் வந்திருக்காது" என்று அவளைத் திட்டியவர்களும் உண்டு. உப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கர்ப்பத்தின் முதல் பாதியில், கர்ப்பப்பையின் மெல்லிய ரத்தக்குழாய்கள் அகலமாக விரிய வேண்டும். தாயின் நோய் எதிர்ப்பு அணுக்களும் நஞ்சுக்கொடியின் அணுக்களும் ஒத்துப்போனால்தான் அது நடக்கும். ஒத்துப்போகாவிட்டால் குழாய்கள் குறுகலாகவே நின்றுவிடும். ரத்தம் போதாத நஞ்சுக்கொடி சில புரதங்களையும் துணுக்குகளையும் தாயின் ரத்தத்தில் கலக்கவிடுகிறது. உடம்பின் எதிர்ப்பு மண்டலம் சீறி எழ, ரத்தக்குழாய்களின் உட்சுவர் முழுக்க அழற்சி பரவுகிறது. குழாய் இறுகுவதால் பிரஷர் ஏறுகிறது, கசிவதால் கையும் முகமும் வீங்குகின்றன. கண் மங்குவது, வலது விலாவுக்குக் கீழே வலிப்பது எல்லாம் இதே கதைதான்.

அழற்சி என்றதும் மஞ்சள் பால், கஷாயம் என்று இறங்காதீர்கள். தலைவலிக்கு மருந்துக்கடையில் கேட்டு ஐபுப்ரோஃபென் போடவே கூடாது. இந்த நோயில் பெரும்பாலும் சிறுநீரில் புரதம் கசியும்; அது இல்லை என்று நிம்மதியாக இருப்பதும் தப்பு. புரதம் இல்லாமலும் இந்த நோய் ஈரலையோ சிறுநீரகத்தையோ தாக்கும். 20 வாரத்துக்குப் பிறகு 140/90 தொட்டாலே டாக்டரிடம் போங்கள். மாடிப்படி ஏறிய மூச்சோடு பிரஷர் பார்க்காமல் ஐந்து நிமிடம் சும்மா உட்காரச் சொல்லுங்கள்.

முன்பு இந்த நோய் வந்தவர்கள், இரட்டைக் கர்ப்பம், சர்க்கரை, லூபஸ் (எதிர்ப்பு மண்டலம் சொந்த உடம்பையே தாக்கும் நோய்), சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்க ஏழாம் மாதம் வரை காத்திருக்கக் கூடாது. இந்த நோயைத் தடுக்க யாருக்கு ஆஸ்பிரின் மாத்திரை தேவை என்பதை டாக்டர் 12வது வாரத்திலேயே முடிவு செய்வார். 16 வாரத்துக்குள் தொடங்கினால்தான் பலன் அதிகம். 2017இல் வெளியான ஆஸ்ப்ரீ ஆய்வில், இரவில் 150 மில்லிகிராம் எடுத்துக்கொண்ட பெண்களுக்குக் குறைமாதத்தில் பிரசவிக்க வைக்கும் பிரீஎக்லாம்ப்சியா பாதிக்கு மேல் குறைந்தது. "ரத்தம் நீர்த்துப்போகும்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு நடுவில் நிறுத்திவிடாதீர்கள்.

மும்பையிலிருந்து பிரசவத்துக்குத் திருநெல்வேலிக்கு ரயில் ஏறுகிறவர்கள் புடவை நகையோடு பிரஷர் எழுதிய ஃபைலையும் எடுத்துப்போங்கள். அது இல்லாவிட்டால் அங்குள்ள டாக்டர் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

குழந்தை பிறந்தாச்சு, இனி ஒன்றுமில்லை என்று விட்டுவிடுவது இன்னொரு தவறு. ஆறு வாரம் வரை பிரஷர் ஏறலாம். பச்சை உடம்புக்காரிக்குத் தலைவலி என்றால் காற்று பட்டுவிட்டது என்று காதில் பஞ்சு வைத்துவிடுகிறோம். என் நாத்தனாருக்கும் ஐந்தாம் நாள் அப்படித்தான் தலை வலித்தது. இந்த முறை அத்தையே பிரஷர் மிஷினை எடுத்துவந்தார். மறுபடி ஏறியிருந்தது. மூன்று வாரம் மாத்திரை சாப்பிட்டாள்.