கதையில் சூழல் எங்கே கெடுகிறது? காவிரிப் பக்கத்துக் கதைகளில் நான் பார்க்கும் தவறுகள்

மன்னார்குடிப் பக்கம் நாங்கள் ஐந்தாறு பேர் மாதம் ஒருமுறை கூடி, அவரவர் எழுதிய கதையை வாசித்துப் பேசுகிறோம். போன தடவை வந்த ஒரு கதையில் ஆடிப்பெருக்கு அன்று கொட்டோ கொட்டென்று மழை. ஆறு இரு கரையும் தொட்டுப் போகிறது, கதாநாயகி நனைந்தபடி படித்துறையில் நிற்கிறாள். எழுதிய தம்பி சென்னையில் வளர்ந்தவர். ஆறு நிறைந்திருக்கிறது என்றால் மழை பெய்திருக்க வேண்டும் என்று நினைத்துவிட்டார்.

ஆடியில் நம் ஆற்றில் ஓடுவது பெரும்பாலும் குடகில் பெய்த மழை. அது மேட்டூரில் தேங்கும். அணையை ஜூன் 12 அன்று திறப்பது வழக்கம். திறந்த தண்ணீர் கல்லணையில் காவிரி, வெண்ணாறு என்று பிரிந்து, அப்புறம் பல கிளையாறுகள் வழியாக நம் வாய்க்காலுக்கு வந்து சேரும். நமக்கென்று பெருமழை ஐப்பசி, கார்த்திகையில்தான். ஆடியில் தலைக்கு மேலே வெயில், ஆளைத் தள்ளும் காற்று, காலடியில் கலங்கலான புதுத்தண்ணீர். மேகமே இல்லாத வானத்துக்குக் கீழே நிறைந்து ஓடும் ஆறு! எங்கோ பெய்த மழையை நம்பித்தான் பிழைப்பு என்கிற உணர்வு அந்தக் காட்சிக்குள்ளேயே இருக்கிறது. எல்லா ஊருக்கும் பொதுவான ஒரு மழையை அங்கே பெய்யவைத்ததால் அந்த உணர்வு கதையிலிருந்து போய்விட்டது.

நான் அதிகம் பார்க்கும் தவறு இதுதான். டெல்டா என்றாலே பச்சைப் பசேல் வயல், திண்ணை, டிகிரி காபி, கோபுரம் என்று எழுதுகிறார்கள். சித்திரையில் வந்து பார்த்தால் ஆறு வெறும் மணல், வயல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். குறுவை, சம்பா, தாளடி என்று போகம் மாறும்போது ஊரின் நிறமும் பேச்சும் மாறும், கையில் காசு புரளும் நாளும் மாறும். கதை நடக்கும் மாதம் எது என்று எழுதுபவருக்குத் தெரிந்தாக வேண்டும். கதையில் அதைச் சொல்லாவிட்டால் பரவாயில்லை.

அடுத்தது, உணர்ச்சிக்குப் பெயர் வைத்துவிடுவது. ‘வீடெங்கும் இனம்புரியாத சோகம் கவிந்திருந்தது. காற்றுகூட அழுதது’ என்று ஒரு கதை தொடங்கியது. வாய்க்காலின் கடைசியில் இருக்கும் கடைமடைக் குடும்பம், தண்ணீர் இன்னும் வரவில்லை. “அன்றைக்குக் காலையில் அப்பா என்ன செய்தார்?” என்று எழுதியவரைக் கேட்டோம். யோசித்துச் சொன்னார். சொன்னதையே எழுதச் சொன்னோம். அது இப்படி வந்தது:

‘விடிந்ததும் அப்பா மதகுக்குப் போனார். நேற்று ஊன்றிவிட்டு வந்த குச்சியைச் சுற்றித் தரை காய்ந்தே கிடந்தது. திரும்பும்போது நாற்றங்கால் பக்கம் வராமல் தெற்கு வரப்பைச் சுற்றிக்கொண்டு வந்தார். அம்மா எதுவும் கேட்காமல் தட்டை எடுத்து வைத்தாள்.’

நாற்று முற்றிக்கொண்டிருக்கிறது, அதைப் பார்க்க அவருக்குத் தெம்பில்லை. சோகம் என்ற சொல் எங்கும் வரவில்லை, ஆனால் அந்தத் தெற்கு வரப்பில் நாமும் கூடவே நடக்கிறோம். எதைப் பார்க்கிறார் என்பதைவிட எதைப் பார்க்காமல் ஒதுங்குகிறார் என்பது பல சமயம் கூடுதலாகச் சொல்லிவிடும்.

இது நமக்குப் புதிதும் இல்லை. நிலமும் பொழுதும் முதற்பொருள், அங்குள்ள மரம், விலங்கு, தொழில் எல்லாம் கருப்பொருள், மனத்தில் நடப்பது உரிப்பொருள் என்று நம் முன்னோர் பிரித்து வைத்திருக்கிறார்கள். வயலும் வயல் சார்ந்த இடமுமான மருதத்துக்கு ஊடல், அதற்குரிய பொழுது வைகறையும் விடியலும். அகநானூற்றின் 46ஆம் பாட்டில் ஓர் எருமை வருகிறது. சேற்றில் நிற்கப் பிடிக்காமல், ஊர் தூங்கும் நேரத்தில் கட்டியிருந்த கயிற்றை அறுத்துக்கொண்டு, முள்வேலியைக் கொம்பால் தள்ளிவிட்டு, குளத்து மீன்கள் சிதற, வள்ளைக் கொடியை உழப்பித் தாமரையைத் தின்கிறது. பரத்தையிடம் போய்வந்த தலைவனிடம் தோழி பேசும் பாட்டு அது. அவன் செய்ததையெல்லாம் எருமை செய்துகாட்டிவிடுகிறது. இதைப் படித்துவிட்டு ‘மருதம் என்றால் ஊடல்’ என்று வாய்ப்பாடு போல மனப்பாடம் செய்கிறவர்கள் உண்டு. அறுந்த கயிற்றையும் தள்ளிய வேலியையும் விட்டுவிடுகிறார்கள். எழுதுபவருக்குப் பாடம் இருப்பது அந்த இரண்டில்தான்.

பாத்திரம் அழுதால் வானமும் அழுவது இன்னொரு தவறு. துக்கம் கூடுதலாகத் தெரிவது சுற்றிலும் சந்தோஷம் இருக்கும்போது. தை மாதம் கணவனை இழந்தவளுக்கு வரும் முதல் ஆடிப்பெருக்கை நினைத்துப் பாருங்கள். தெருவில் பிள்ளைகள் சப்பரம் இழுத்துப் போகிறார்கள். காப்பரிசிக்கு வெல்லம் இடித்துக் கொடுத்ததெல்லாம் அவள்தான், ஆற்றுக்கு மட்டும் போகவில்லை. பொழுது சாய்ந்து வீட்டுப் பெண்கள் திரும்பி வருகிறார்கள். கழுத்தில் புதுக்கயிறு, இன்னும் காயாத மஞ்சள் வாசனை. அந்த வாசனை கூடத்துக்குள் வந்த இடத்தில் காட்சியை நிறுத்திவிடலாம்.

யாருடைய கண்ணில் விழும் ஊர் என்று கேட்காமல் எழுதுவதுதான் எனக்கு மனசு ஆறாத தவறு. அறுவடை வயலைத் திண்ணையிலிருந்து பார்த்தால் தங்கம் விளைந்த மாதிரி இருக்கும். குனிந்து அறுப்பவருக்கு அது இடுப்புவலி, கூலி நெல்லின் அளவு, வீட்டில் விட்டுவந்த கைக்குழந்தை. நெல்கூலியை உயர்த்திக் கேட்ட போராட்டத்தின்போதுதான் கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 அன்று 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். நாகைப் பக்கத்துக் கூலிக் குடும்பத்தைப் பற்றி எழுதுகிறீர்கள், காலம் மார்கழி என்று வையுங்கள். சாயங்காலம் தூரத்தில் புகை எழுந்தால் அந்த வீட்டுக் கிழவிக்கு அழகு தெரியாது. அவள் முதலில் எந்தத் திசை என்றுதான் பார்ப்பாள்.

புயலை எழுதுகிறவர்கள் சத்தத்தையே எழுதுகிறார்கள். ஊளையிட்ட காற்று, பேயாட்டம் போட்ட மரம் என்று பக்கம் பக்கமாகப் போகும். கஜா 2018 நவம்பர் 16 அதிகாலை நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறியது. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் லட்சக்கணக்கில் தென்னை சாய்ந்தது. கதை எழுதுபவர் அன்றைய இரவைவிட மறுநாள் காலையில் நின்று பார்க்க வேண்டும் என்பேன். பிறந்ததிலிருந்து நிழலாகவே இருந்த கொல்லையில் வெளிச்சம் விழுகிறது. பாத்திரம் துலக்க உட்கார்ந்தவளுக்குக் கண் கூசுகிறது. பழகியது ஒன்று இல்லாமல் போனதை உடம்பு முதலில் உணரும், அறிவு அப்புறம்தான் வரும்.

ஐம்புலனையும் ஒரே பத்தியில் அடுக்குவது, பதற்றமான இடத்தில் நீள நீளமாக வாக்கியம் எழுதுவது, ‘திடீரென்று’ போட்டுப் பயமுறுத்தப் பார்ப்பது இவையெல்லாம் வாய்விட்டு ஒருமுறை படித்தாலே பிடிபட்டுவிடும்.

அப்படிப் பிடிபடாத ஒன்றும் உண்டு. முதல் பத்தியில் சூழலை மொத்தமாகக் கொட்டிவிட்டு அப்புறம் அதை மறந்தே போவது. ரைஸ்மில்லில் நெல் அவியும் வாசனையோடு கதை தொடங்கினால், அந்த வாசனை நடுவில் ஒருமுறை வேறு மாதிரி வர வேண்டும். வேலை போனவனுக்கு அதே வாசனை வயிற்றைப் பிசையும், இல்லையா? வாசனை மாறவில்லை, ஆள் மாறிவிட்டான். அதைப் படிப்பவருக்குக் கதை நகர்ந்ததும் தெரிந்துவிடும்.

ஆடிப்பெருக்குக் கதை எழுதிய தம்பி இந்த மாதம் திருத்திக்கொண்டு வந்தார். மழையை எடுத்துவிட்டார். இப்போது காற்றில் விளக்கு நிற்க மாட்டேன் என்கிறது, அவள் முந்தானையால் மறைத்துக்கொண்டு படித்துறையில் நிற்கிறாள். பக்கத்தில் ஒரு குழந்தை, “மழையே பெய்யலையே அத்தை, இவ்வளவு தண்ணி எங்கேர்ந்து வருது?” என்று கேட்கிறது. அவள் விளக்கிலிருந்து ஒரு கையை எடுத்து மேற்கே காட்டுகிறாள். விளக்கு அணைந்துவிடுகிறது.