மூன்று பவுன் அம்பா, நாலு பவுன் அம்பா?

கனடாவில் ஒன்ராறியோவில் இருக்கும் என் மருமகன் போன கிழமை வட்ஸ்அப்பில் கேட்டிருந்தான்: "மாமா, இந்த முறை மானுக்குப் போகப் போறன். ஆகலும் பாரம் குறைஞ்ச அம்பா வாங்கினா வேகமாப் போகும்தானே?" அவன் கையில் இருப்பது நான் அங்கே இருந்த காலத்தில் வைத்திருந்த 45 இறாத்தல் ரிக்கேர்வ் வில், நுனிகள் முன்பக்கம் வளைந்த வகை. கல்லடிக்குத் திரும்பி வரும்போது அவனிடம் கொடுத்துவிட்டு வந்தேன். பதிலைக் குரல் பதிவாகச் சொல்லத் தொடங்கி பதினொரு நிமிடம் ஆகியும் முடியவில்லை, அதனால் எழுதிவிடுகிறேன், வேறு யாருக்காவது உதவட்டும்.

இங்கே ஊரில் இருந்து வாசிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இது உரிமம் எடுத்து வில்வேட்டைக்குப் போகக்கூடிய நாடுகளில் இருப்பவர்களுக்கு. இலங்கையில் மான், மரை எல்லாம் 1937ஆம் ஆண்டு வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை. அதனால் உன்னிச்சைப் பக்கமோ அம்பாறைக் காட்டுக்கோ யாரும் வில்லைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். லண்டனில் இருப்பவர்களுக்கும் சரிவராது, அங்கே வில்லால் வேட்டையாடவே தடை.

சரி, அம்பு. கனடாவில் எல்லாவற்றையும் கிறேயின் கணக்கில்தான் சொல்வார்கள். ஒரு கிராம் என்பது 15.43 கிறேயின். எனக்கு அது மனதில் நிற்கவே இல்லை, கடைசியில் தங்கப் பவுனுக்கு மாற்றிக்கொண்டேன். ஒரு பவுன் 8 கிராம், அதாவது ஏறக்குறைய 123 கிறேயின். 370 கிறேயின் அம்பு மூன்று பவுன், 500 கிறேயின் அம்பு நாலு பவுன். நம் ஆட்களுக்குக் கையில் வைத்துப் பார்த்தாலே விளங்கிவிடும்.

அம்பின் எடையைத் தனியாகப் பார்த்துப் பயனில்லை, வில்லின் இழுவையோடு, அதாவது நாணை இழுக்கத் தேவையான பலத்தோடு, சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். வில்லில் 45 என்று எழுதியிருப்பது 28 அங்குலம் இழுத்தால் வரும் அளவு. மருமகன் 27 அங்குலம்தான் இழுக்கிறான். ஓர் அங்குலம் குறைந்தால் இரண்டு மூன்று இறாத்தல் குறையும், ஆகவே அவன் விரலில் விழுவது 43 இறாத்தல் என்று வைத்துக்கொள்வோம். இழுவையின் ஓர் இறாத்தலுக்கு 8 கிறேயின் என்றால் அம்பு 344, 9 என்றால் 387, 10 என்றால் 430. இதுபோன்ற பழைய பாணி வில்லுக்கு 8 முதல் 9 வரை இலேசான அம்பு, 10ஐ ஒட்டி நடுத்தரம், 11, 12 போனால் பாரம். எட்டுக்குக் கீழே இறங்கவே கூடாது. வில் செய்தவர் அதைவிடக் கூடுதலாகக் கேட்டிருந்தால் அவர் சொல்வதுதான் கணக்கு.

ஏன் என்று கேட்டால், வில்லில் சேர்ந்த சக்தி அம்போடு வெளியே போக வேண்டும். அம்பு பாரமில்லாமல் இருந்தால் அது முழுவதையும் எடுத்துக்கொண்டு போகாது, மிச்சம் வில்லின் கைகளுக்கும் (பிடிக்கு மேலும் கீழும் வளையும் பாகங்கள்) நாணுக்கும் திரும்புகிறது. வெறும் நாணை இழுத்து விடுவதன் சின்னத்தம்பி என்று சொல்லலாம். வேக ஆசையில் நானே 48 இறாத்தல் வில்லில் 290 கிறேயின் அம்பு விட்டுக்கொண்டு திரிந்தவன்தான். ஒரு நாள் டப் என்று சத்தம், வில்லின் மேல்கை நுனியில் பிளவு. வில் என்னுடையது, புத்தியும் என்னுடையது, வேறு யாரைக் குறை சொல்ல?

இப்போது வேகத்துக்கு வருவோம். அவனுடைய வில் 387 கிறேயின் அம்பை நொடிக்கு 175 அடியிலும் 500 கிறேயின் அம்பை 157 அடியிலும் விடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த ரகத்து வில்லுக்கு ஏறக்குறைய இப்படித்தான் வரும். காற்றுத் தடையை விட்டுவிட்டுப் பார்த்தால் 20 யார் (60 அடி) தூரத்தில் பாரமான அம்பு 14 சென்ரிமீற்றர் கூடுதலாக இறங்கும். 15 யாரில் 8 சென்ரிமீற்றர்தான். வெள்ளைவால் மானின் நெஞ்சறை ஏறக்குறைய 20 சென்ரிமீற்றர் வட்டம். தூரத்தைக் கண்ணால் மதிப்பிட்டு விடுகிறவனுக்கு இந்த வித்தியாசம் உதவிதான், இலேசான அம்பால் கிடைக்கும் உண்மையான இலாபம் இதுதான்.

ஆனால் "வேகமான அம்பு என்றால் மான் சத்தம் கேட்டு விலகுவதற்குள் போய்ச் சேர்ந்துவிடும்" என்று ஒரு கதை இருக்கிறதே, அதை நம்ப வேண்டாம். 20 யாரில் நாணின் சத்தம் மானுக்குப் போக ஒரு நொடியில் நூறில் 5 பங்கு போதும். இலேசான அம்புக்கு 34 பங்கு வேண்டும், பாரமானதுக்கு 38. இரண்டுமே மிகவும் பிந்தித்தான் போகின்றன. அதோடு இலேசான அம்பு விட்டால் வில் கூடுதலாகச் சத்தம் போடும்.

அடுத்தது ஊடுருவல். அந்த இரண்டு அம்புகளும் கொண்டுபோகும் சக்தி கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆனால் எடையையும் வேகத்தையும் பெருக்கி வரும் உந்தம் பாரமான அம்பில் 16 சதவீதம் அதிகம். விலா எலும்பைத் தாண்டி அடுத்த பக்கம் வரவேண்டிய அம்புக்கு அதுதான் கை கொடுக்கும். ஆகவே என் அபிப்பிராயம்: மானுக்கு, 15, 20 யாருக்குள், பக்கவாட்டாகவோ சற்று அப்பால் திரும்பியோ நிற்கும்போது 9 கிறேயின் கணக்கு அம்பு போதும். மூஸ் என்ற பெரிய மானினம், கரடி என்றால் இலேசான அம்பை நினைக்கவே வேண்டாம். அதுவும் மருமகனுக்கு அந்தக் கேள்வியே எழாது, ஒன்ராறியோவில் மானுக்கு வில்லின் இழுவை 39.7 இறாத்தலாவது இருக்க வேண்டும், மூஸுக்கும் கரடிக்கும் 48.5. அவன் வில் மானோடு நிற்கிறது.

இனி எடையை எங்கே குறைப்பது என்பது. முக்கால்வாசிப் பேர் பிழைவிடும் இடம் இது.

சின்ன வயதில் பூவரசங்கம்பை வளைத்து, ஈர்க்கில் அம்பு விட்டிருப்பீர்கள். வெறும் ஈர்க்கில் காற்றில் புரண்டு எங்கேயோ போகும், நுனியில் கொஞ்சம் களிமண்ணை உருட்டி ஒட்டினால் நேராகப் போகும். அந்தக் களிமண்தான் விசயம். எடை குறைக்க வேண்டும் என்று முனையை 125 கிறேயினிலிருந்து 85க்கு மாற்றுகிறவன் களிமண்ணைப் பிடுங்கி எறிகிறான். குறைப்பதைத் தண்டிலும் வாலிலும் குறையுங்கள், முனையில் கை வைக்க வேண்டாம். முன்பாரம் எவ்வளவு என்று பார்க்க அம்பை விரல் மேல் வைத்து எந்தப் பக்கமும் சாயாமல் நிற்கும் இடத்தைப் பிடியுங்கள். நாணில் கொளுவும் நொக்கின் பள்ளத்திலிருந்து அந்த இடம் வரை 17.8 அங்குலம், முனையை விட்டுத் தண்டின் முடிவு வரை 29 என்றால், பாதியான 14.5ஐக் கழித்து வரும் 3.3ஐ 29ஆல் பிரித்தால் 11 சதவீதம். வேட்டை அம்புக்கு 10 முதல் 15 வரை இருந்தால் நல்லது, கூடினாலும் குறையில்லை.

அவனுக்கு நான் போட்ட கணக்கு இது. அங்குலத்துக்கு 8 கிறேயின் வரும் காபன் தண்டு, 29 அங்குலத்துக்கு 232. முனை 125. முனையைப் பிடிக்கும் உட்செருகல் 15, நொக் 10, இறகு மூன்றும் சேர்த்து 9. மொத்தம் 391, மூன்று பவுனுக்குக் கொஞ்சம் மேல், இறாத்தலுக்கு 9 கிறேயின். மரத்தண்டு பிடித்தவர்களுக்கு சீடர் மரம் இலேசானது, வாசமும் நல்லது, ஆனால் ஒரு டசினில் எடை ஒன்றுக்கொன்று மாறும், தராசில் போட்டுப் பொறுக்க வேண்டும்.

எடையை விடப் பெரிய விசயம் தண்டின் விறைப்பு, ஸ்பைன் என்பது. காபன் தண்டில் 500, 600 என்று எண் இருக்கும், எண் கூடக்கூடத் தண்டு இளகும். முனை பாரமானாலும் தண்டு நீளமானாலும் அம்பு இளகினதுபோல நடக்கும், குறைத்தால் விறைக்கும். 43 இறாத்தலுக்கு இரண்டு எண்ணிலும் ஒவ்வொன்று வாங்கி, வெட்டாமல், இறகில்லாமல் விட்டுப் பாருங்கள். வலக்கைக்காரருக்கு இறகில்லாத அம்பு இறகுள்ள அம்புகளுக்கு வலப்பக்கம் போய்க் குத்தினால் இளகல், இடப்பக்கம் என்றால் விறைப்பு. இளகலாக இருந்தால் கால் அங்குலமாக வெட்டிக்கொண்டு வரலாம், வெட்டினதை ஒட்ட முடியாது என்பதை மட்டும் ஞாபகம் வைத்திருங்கள். டசின் வாங்குவது இதற்கு அப்புறம்தான்.

இறகு வான்கோழி இறகுதான். பிளாஸ்ரிக்கை விடப் பாரம் குறைவு, அம்பை வைக்கும் வில்லின் தட்டில் உரசினாலும் மடங்கிப் போகும். அலகுள்ள வேட்டைமுனை காற்றில் தானும் திசை திருப்பப் பார்க்கும் என்பதால் இறகின் நீளம் நாலு அங்குலத்துக்குக் கீழே போக வேண்டாம். பறவையின் இடச்சிறகு இறகையும் வலச்சிறகு இறகையும் ஒரே அம்பில் கலக்கக் கூடாது. நனைந்தால் படுத்துவிடும், நம்மூர் மாரி மாதிரி மழையில் அரைமணித்தியாலத்தில் அம்புக்கு வால் இல்லாமல் போகும்.

முனை இரட்டை அலகு, தொட்டவுடன் வெட்டுவது. பட்டபின் விரியும் முனைகளுக்கு அலகைத் திறக்கவே சக்தி செலவாகும், 43 இறாத்தல் வில்லில் அதற்கு இடமில்லை. ஒன்ராறியோவில் முனை 22 மில்லிமீற்றர் அகலமாவது இருக்க வேண்டும், அம்பு 600 மில்லிமீற்றர் நீளமாவது. தீட்டாத அலகு என்றால் வீட்டில் இருங்கள்.

கடைசியாக, காபன் அம்பை ஒவ்வொரு தடவையும் விடுமுன் இரு கையாலும் மெல்ல வளைத்து, காதோடு வைத்துக் கேளுங்கள். சின்னதாக ஒரு நெரிவுச் சத்தம் கேட்டாலும் முறித்துக் குப்பையில் போடுங்கள். நாணில் வெடித்தால் அது உங்கள் இடக்கையைத்தான் தேடி வரும்.