ஹைட்ராக்ஸி அபடைட் மேல புரோட்டீன் எவ்ளோ ஒட்டுது, எப்படி ஒட்டுதுன்னு லேப்ல பாக்கறது எப்படி

வேலூர் பக்கம் எம்எஸ்சி, எம்டெக் ப்ராஜெக்ட்டுக்கு எலும்பு, பல்லு சம்பந்தமான மெட்டீரியல் எடுத்திருக்கறவங்களுக்காக எழுதறேன். ஹைட்ராக்ஸி அபடைட்ங்கறது எலும்பு, பல்லுல இருக்கற கால்சியம் பாஸ்பேட் மினரல். முதல்ல ஒண்ணு, பிபிஎஸ் பஃபரை (பாஸ்பேட் கலந்த உப்புக் கரைசல்) தொடாதீங்க. எந்த லேப்லயும் அது ஒரு பாட்டில் ரெடியா இருக்கும், கை தானா அதுக்குத்தான் போகும், ஆனா அதுல இருக்கற பாஸ்பேட் நம்ம புரோட்டீன் உட்கார வேண்டிய கால்சியம் இடத்துல முந்திப் போய் உட்கார்ந்துக்கும், அப்புறம் ஒட்டவே இல்லன்னு ரிப்போர்ட் எழுதுவீங்க. 10 மில்லிமோலார் ஹெபிஸ் (பாஸ்பேட் இல்லாத பஃபர்), பிஹெச் 7.4 போதும். ஈடிடிஏ, சிட்ரேட் ரெண்டும் கால்சியத்தையே பிடுங்கிடும், வேணவே வேணாம். போர் தண்ணியில கரைக்காதீங்க, அதுல ஏற்கனவே கால்சியம் இருக்கு, டீஅயனைஸ்டு தண்ணி எடுங்க.

இந்த மினரல் பரப்புல ரெண்டு வகை இடம் இருக்கு, பிளஸ் சார்ஜோட கால்சியம், மைனஸ் சார்ஜோட பாஸ்பேட். லைசோசைம்ங்கற புரோட்டீனோட ஐசோஎலக்ட்ரிக் பாயின்ட் (மொத்த சார்ஜ் பூஜ்யமாகற பிஹெச்) 11 கிட்ட, அதனால 7.4ல அது பிளஸ்ஸா இருக்கும், அமினோ குரூப் போய் பாஸ்பேட்டை பிடிக்கும். பிஎஸ்ஏவுக்கு (மாட்டு ரத்தத்துல இருக்கற ஆல்புமின்) 4.7 கிட்ட, 7.4ல அது மைனஸ், அதோட கார்பாக்சில் குரூப் கால்சியத்தை பிடிக்கும், அதுல வெறும் சார்ஜ் ஈர்ப்பு மட்டும் இல்ல, கோஆர்டினேஷனும் (கால்சியத்தோட நேரடி பிணைப்பு) சேர்ந்திருக்கு. எலும்புல இருக்கற ஆஸ்டியோகால்சின்ங்கற புரோட்டீன் கார்பாக்சில் கூடுதலா இருக்கற குளுட்டாமிக் ஆசிடை வச்சுதான் அபடைட்டை கெட்டியா பிடிச்சுக்குது. 1956லயே ஸ்வீடன் விஞ்ஞானி டிசீலியஸ் குழு கால்சியம் பாஸ்பேட் காலம்ல புரோட்டீன் பிரிச்சு காட்டினாங்க, அதுக்கும் அடிப்படை இதேதான்.

இப்ப வேலைக்கு வருவோம். பவுடரை முந்தின நாளே பஃபர்ல ஊற வச்சு, மறுநாள் பிஹெச் செக் பண்ணுங்க, கொஞ்சம் கரைஞ்சு பிஹெச் நகர்ந்திருக்கும், சரி பண்ணிடுங்க. டியூபுக்கு 10 மில்லிகிராம் பவுடர், 1 மில்லி புரோட்டீன், 0.1ல இருந்து 2 மில்லிகிராம் வரைக்கும் ஏழெட்டு அளவுல. கூடவே பவுடர் இல்லாத டியூப், புரோட்டீன் இல்லாத டியூப் ரெண்டும் வைங்க, ஏன்னா பிளாஸ்டிக் சுவத்துலயும் புரோட்டீன் ஒட்டும். டெம்பரேச்சர் 37 டிகிரின்னு வச்சுக்கோங்க, சித்திரை வைகாசில நம்ம ஊர் ரூமே 35க்கு மேல போயிடும், கூலிங் இல்லாத சாதாரண இன்குபேட்டர்ல 25 டிகிரி நிக்கவே நிக்காது.

டியூபை அங்க ரொட்டேட்டர்ல மெதுவா சுத்த விடுங்க, முடிஞ்சதும் சென்ட்ரிஃப்யூஜ் போட்டு மேல் தண்ணிய 280 நானோமீட்டர்ல ரீடிங் எடுங்க. அதோட 340லயும் ஒரு ரீடிங் எடுங்க, புரோட்டீன் அங்க உறிஞ்சாது, ஆனா மிதக்கற நுண்ணிய பவுடர் ஒளியை சிதறடிச்சு ரீடிங் காட்டும், காட்டினா திரும்ப சென்ட்ரிஃப்யூஜ் போடுங்க. நைட்ரோசெல்லுலோஸ் ஃபில்டர்ல வடிக்காதீங்க, அதுவே புரோட்டீனை பிடிச்சு வச்சுக்கும்.

பவுடர் இல்லாத டியூப்ல 0.50, பவுடர் போட்டதுல 0.30 மில்லிகிராம் இருந்தா 0.20 ஒட்டியிருக்கு, 10 மில்லிகிராம் பவுடருக்கு அது, அப்போ கிராமுக்கு 20 மில்லிகிராம். பவுடரோட பிஇடி பரப்பு (வாயு ஒட்டற அளவை வச்சு அளக்கற மேற்பரப்பு) கிராமுக்கு 50 சதுர மீட்டர்னா, சதுர மீட்டருக்கு 0.4 மில்லிகிராம். பரப்பு கணக்கு போடாம ரெண்டு பவுடரை ஒப்பிடறதுல அர்த்தமே இல்ல. கரைசல்ல மிச்சம் இருக்கற புரோட்டீனுக்கு எதிரா ஒட்டின அளவை வரைஞ்சா லாங்மூர் வளைவு அழகா பொருந்தும், ஆனா அந்த ஃபார்முலா ஒட்டினது திரும்ப வந்துடும்னு எடுத்துக்குது, நிறைய புரோட்டீன் பஃபரை மாத்தினாலும் வராது, அதனால அதுல வர்ற கே மதிப்பை (பிடிமானத்தை காட்டற மாறிலி) உண்மையான பிடிமானம்னு எழுதாதீங்க.

பலரும் விட்டுடற, எனக்கு ரொம்ப பிடிச்ச பகுதி இனிதான். ஒட்டின பவுடரை ரெண்டா பிரிச்சு, ஒண்ணுல 1 மோலார் சோடியம் குளோரைடு, இன்னொண்ணுல பாஸ்பேட் பஃபர் ஊத்துங்க. லைசோசைம் உப்புக்கே இறங்கி வந்துடும். பிஎஸ்ஏ உப்புக்கு அசையாம பாஸ்பேட்டுக்குத்தான் வரும், கால்சியத்தை பிடிச்சிருந்ததுக்கு அதான் சாட்சி. இந்த ரீடிங்கை பிராட்ஃபோர்ட்ல (சாயம் போட்டு புரோட்டீன் அளக்கற முறை) எடுக்கறதா இருந்தா ஸ்டாண்டர்ட் கர்வையும் அதே உப்பு, அதே பாஸ்பேட்ல போடுங்க.