பாக் சாங்: நடுவில் அரிசி வேகவில்லையா?

சீனர்களின் ஐந்தாம் மாதம் நெருங்கினால் சிங்கப்பூர்க் கடைகளில் மூங்கில் இலையில் கட்டி வேகவைத்த பசையரிசிப் பொட்டலமான பாக் சாங் கொத்துக் கொத்தாகத் தொங்கும். வீட்டில் செய்தபோது இரண்டு தொல்லைகள்: சிலவற்றில் நுனி வழியாக அரிசி கசிந்தது, கசியாதவற்றின் நடுவே நறநறவென்று இருந்தது.

கசிவைச் சரிசெய்வது சுலபம். காய்ந்த இலையை இரவு முழுக்க ஊறவைத்து, 10 நிமிடம் கொதிக்கவிட்டால் நன்றாக வளையும். இரண்டு இலைகளைச் சேர்த்து, வழவழப்பான பக்கம் உள்ளே வரும்படி கூம்பாக்கி, அடிநுனியில் ஒரு மடிப்பு விழவைக்க வேண்டும். வெறுமனே சுருட்டினால் ஓட்டை இருக்கத்தான் செய்யும்.

நடு வேகாததுதான் படுத்தியது. பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி ஒன்றை அமுக்கிப் பார்த்து, "ரொம்ப இறுக்கம்" என்றார். பசையரிசி வேகும்போது உப்பும். இடமில்லாமல் கட்டினால் நடுப்பகுதிக்குத் தண்ணீர் போகாது. இப்போது அரிசியை நான்கு மணி நேரம் ஊறவைத்து, சோயா சாஸ், சின்ன வெங்காயத்தோடு வதக்கி, காளானும் செஸ்ட்நட்டும் வைத்து, மேலே கொஞ்சம் இடம் விடுகிறேன். கயிறு உருவம் நிற்குமளவுக்குப் போதும். அப்புறம், எல்லாம் தண்ணீரில் மூழ்கியிருக்க மேலே ஒரு தட்டைக் கவிழ்த்து இரண்டரை மணி நேரம். தண்ணீர் குறைந்தால் கொதிநீர்தான் ஊற்ற வேண்டும், பச்சைத் தண்ணீர் கூடாது.

வெந்ததும் தொங்கவிட்டு ஆறவிடுங்கள். சூடாகப் பிரித்தால் இலையில் ஒட்டும். காரநீர் (alkaline water; மிளகாய்க் காரமல்ல) சேர்த்த மஞ்சள் நிறக் கீ சாங் என்றால் இன்னும் தளர்வாகக் கட்டுங்கள், அது கூடுதலாக உப்பும்.