நரைக்கு ஹெ ஷோ வூ வாங்கப் போகிறீர்களா? முதலில் இதைச் செய்யுங்கள்

இளநரைக்கு வழி தேடி இணையத்தில் அலைந்தவர்களுக்கு இந்தச் சீனக் கிழங்கின் பெயர் கண்ணில் பட்டிருக்கும். ஹெ என்பது குடும்பப் பெயர், ஷோ தலை, வூ கறுப்பு. ஹெ குடும்பத்துப் பெரியவர் ஒருவர் இதைத் தின்று தின்று நரைத்த முடி கறுத்துப் போனதாகக் கதை. கதை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நரை கறுக்கும் என்பதற்கு நம்பும்படியான மருத்துவச் சான்று இல்லை, கல்லீரலைக் கெடுக்கும் என்பதற்கு நிறையவே உண்டு. அப்படியும் வாங்கித்தான் பார்ப்பேன் என்றால் சரி, மேலே படியுங்கள்.

முதல் வேலை, அது பச்சைக் கிழங்கா பக்குவம் செய்ததா என்று பார்ப்பது. வெறுமனே நறுக்கிக் காயவைத்த பச்சை வகை வெளிறிய பழுப்பாக இருக்கும். நம்ம ஊர் நிலாவரையைப் போலவே வயிற்றைக் கலக்கும் என்பதால் சீனர்கள் அதை மலச்சிக்கலுக்குக் கொடுப்பார்கள். கறுப்பு சோயா சாற்றில், இரும்பு படாத பாத்திரத்தில், சாறு முழுக்க ஊறும்வரை வேகவைத்தால் துண்டு கருத்துவிடும். உடம்பைத் தேற்றும், முடியைக் கறுக்க வைக்கும் என்று சொல்லப்படுவது இந்த வகைதான். வேகவைத்ததால் ஆபத்து போய்விட்டது என்று மட்டும் நினைக்காதீர்கள், இரண்டு வகையிலும் கல்லீரல் பாதிப்பு பதிவாகியிருக்கிறது.

அடுத்தது அளவு. ஆரோக்கிய உணவாக விற்கும் பொருள்களில் ஒரு நாளைக்குப் பச்சை 1.5 கிராம், பக்குவம் செய்தது 3 கிராம், அதைத் தாண்டக் கூடாது என்று சீன அரசே 2014-ல் வரம்பு வைத்தது. எத்தனை கிராம் என்று எழுதாத பாக்கெட்டை வாங்கவே வேண்டாம்.

கல்லீரல் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பால் கொடுப்பவர்கள், தினமும் மது குடிப்பவர்கள், காசநோய் மாத்திரை போலக் கல்லீரலைப் பதம்பார்க்கும் மருந்து சாப்பிடுபவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மற்றவர்களும் டாக்டரிடம் கேட்டு, கல்லீரலுக்கான ரத்தப் பரிசோதனை ஒன்று எடுத்துவிட்டுத் தொடங்குங்கள், சில வாரம் கழித்து இன்னொன்று. அளவாகச் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது என்று சொல்லவும் முடியாது, ஏனென்றால் எச்எல்ஏ-பி*35:01 என்ற மரபணு வகை உள்ளவர்களுக்கு ஆபத்து அதிகம் என்று 2019-ல் சீன ஆய்வாளர்கள் கண்டார்கள். நமக்கு அது இருக்கிறதா என்று யார் பார்த்து வைத்திருக்கிறோம்?

சிறுநீர் டீ நிறத்தில் போனாலோ, கண் மஞ்சளானாலோ, காரணமில்லாமல் சோர்வும் குமட்டலும் வந்தாலோ அன்றைக்கே நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்குச் சரியாகிவிடும், சிலர் இறந்தும் போயிருக்கிறார்கள். தேறிய பிறகு திரும்பவும் தொடங்கியவர்களுக்குத் திரும்பவும் காமாலை வந்திருக்கிறது. போகும்போது மறக்காமல் அந்தப் பாக்கெட்டையும் எடுத்துப் போங்கள், ‘ஏதோ மூலிகை’ என்று மட்டும் சொன்னால் டாக்டரால் ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது.