பிள்ளைக்கு வயிற்றிளக்கம் நிற்கவில்லையா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

நாகர்கோவிலோ குளச்சலோ, பிள்ளைக்கு வயிற்றிளக்கம் என்றதும் மெடிக்கல் ஷாப்பில் ஆன்டிபயாட்டிக் வாங்கிக் கொடுத்துவிடுகிறோம். இரண்டு நாள் நின்று மறுபடி தொடங்கினால் இன்னொரு கோர்ஸ். இதுதான் முதல் தவறு. பெரிய தவறும் இதுதான்.

பெருங்குடலில் வாழும் ஃபீகலிபாக்டீரியம் போன்ற நல்ல பாக்டீரியாக்கள் நார்ச்சத்தைப் புளிக்கவைத்து பியூட்டிரேட் என்ற கொழுப்பு அமிலத்தைத் தருகின்றன. குடலின் உட்சுவர்ச் செல்களுக்கு அதுதான் முக்கிய உணவு. குடலில் நீண்டகால அழற்சியை உண்டாக்கும் க்ரோன்ஸ் நோயில் இவை ஏற்கெனவே குறைந்திருக்கும். தேவையில்லாத ஆன்டிபயாட்டிக் மிச்சத்தையும் அழிக்கிறது. காலியான இடத்தில் குளோஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற கெட்ட பாக்டீரியா பெருகினால் வயிற்றிளக்கம் இன்னும் மோசமாகும்.

4 வாரத்துக்கு மேல் நீடிப்பது, மலத்தில் இரத்தம், இரவில் எழுந்து கழிப்பறைக்கு ஓடுவது, ஆசனவாயில் புண் — இவற்றைப் பூச்சி என்றோ மூலம் என்றோ ஒதுக்காதீர்கள். போன ஜூனில் அளவாகத் தைத்த யூனிஃபார்ம் இந்த ஜூனிலும் அப்படியே பொருந்துகிறதா? வளர்ச்சி நின்றதும் ஓர் அறிகுறிதான். ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவிலாவது காட்டி, குடல்நோய் நிபுணரைப் பார்க்க வழி கேளுங்கள்.

மலத்தில் கால்புரோடெக்டின் என்ற புரதம் ஒரு கிராமுக்கு 250 மைக்ரோகிராமைத் தாண்டினால் குடலில் அழற்சி இருக்கலாம். ஆனால் அந்த ஒரு எண்ணை வைத்து நோயை முடிவுசெய்யக் கூடாது. தொற்றிலும் அது ஏறும், இபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரை சாப்பிட்டாலும் ஏறும். குடல் காசநோய் க்ரோன்ஸ் போலவே தோன்றும் என்பதால், நம் ஊரில் கொலோனோஸ்கோபியும் (குடலுக்குள் கேமரா விட்டுப் பார்ப்பது) திசுப் பரிசோதனையும் செய்யாமல் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தைத் தொடங்குவது ஆபத்து.

க்ரோன்ஸ் உள்ள பிள்ளைகளுக்கு 6 முதல் 8 வாரம் திரவ ஊட்ட உணவு மட்டுமே கொடுப்பது ஸ்டீராய்டுக்கு இணையாக வேலை செய்கிறது. அதிலும் 'மட்டும்' என்பதில்தான் தவறு நடக்கிறது. பிள்ளை அழுகிறதென்று ஒரு மட்டிப்பழம், சாயங்காலம் கொஞ்சம் மரச்சீனியும் மீன்கறியும் என்று கொடுத்தால் பலன் குறைந்துவிடும். ஒரு மில்லியில் 1 கலோரி உள்ள பானம் என்றால், 1,800 கலோரி தேவைப்படும் பிள்ளைக்கு நாளுக்கு 1.8 லிட்டர் வேண்டும். 300 மில்லி வீதம் ஆறு தடவையாகப் பிரிக்கலாம். பொடியை ஸ்கூப் தலைதட்டி அளந்து போடுங்கள், தண்ணீரைக் கூட்டி நீர்க்க விடாதீர்கள். சரியான அளவை உணவியல் நிபுணரிடம் எழுதி வாங்குங்கள்.

நல்ல பாக்டீரியா அடங்கிய புரோபயாட்டிக் பொடி க்ரோன்ஸை ஆற்றும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. அதை நம்பி மருந்தை விடாதீர்கள். முக்கியமாக, வாரக்கணக்கில் கொடுத்துவந்த பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டை ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். உடலுக்குத் தேவையான ஸ்டீராய்டைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பி மருந்தால் தூங்கிப்போயிருக்கும், விழித்துக்கொள்ள நேரம் எடுக்கும். அதற்குள் நிறுத்தினால் வாந்தி, மயக்கம், இரத்த அழுத்தச் சரிவு வரலாம். டாக்டர் எழுதித் தரும் அட்டவணைப்படி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.