பழைய தூண்டில் ரீலுக்கு உதிரி பாகம் தேடும் முறை

மீன்பிடிக்கும் தூண்டில் நரம்பை, அதாவது இழையை, சுற்றி வைக்கும் பழைய ரீல் ஒன்று சுற்றாமல் நின்றுவிட்டால், உதிரி பாகம் தேடுவதற்கு முன் அதைத் திறந்து கழுவிப் பார்க்க வேண்டும். பல ஆண்டுகள் பரணில் கிடந்த ரீலுக்குள் கிரீஸ் காய்ந்து மெழுகாக இறுகியிருக்கும். கியர் போய்விட்டது என்று ஒதுக்கப்பட்ட ரீல்களில் பல, உலோகப் பாகங்களை மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துலக்கிப் புதுக் கிரீஸ் வைத்ததும் ஓடத் தொடங்கிவிடும். கழற்றும்போது ஒவ்வொரு நிலையையும் படம் எடுத்துக்கொண்டு, கழற்றிய வரிசையிலேயே பாகங்களை முட்டை அட்டையின் குழிகளில் போட்டு வையுங்கள். ஸ்பிரிங் உள்ள பகுதியை ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டுத் திறந்தால், தெறித்த ஸ்பிரிங்கைத் தேடிக் கட்டிலுக்கடியில் தவழ வேண்டியிராது.

பழுதான பாகம் எதுவென்று உறுதியான பிறகு, அதன் எண்ணைக் கண்டறிய வேண்டும். ரீலின் மேல் பொறித்த பெயர் இதற்குப் போதாது. ஸ்வீடனில் 1952இல் அறிமுகமான அபு நிறுவனத்தின் அம்பாசடர் 5000 ரீல் பல பத்தாண்டுகள் அதே பெயரில் வெளிவந்தது. உள்ளமைப்போ அவ்வப்போது மாறிக்கொண்டே இருந்தது. 1970களுக்குப் பிந்தைய பல அம்பாசடர் ரீல்களில், ராடில் (தூண்டில் கம்பில்) பொருத்தும் அடிப்பட்டையில் ஆறு இலக்க எண் ஒன்று இருக்கும். அது 780501 என்றிருந்தால், முதல் இரண்டு இலக்கம் ஆண்டையும் அடுத்த இரண்டு மாதத்தையும் கடைசி இரண்டு அந்த வடிவமைப்பின் திருத்தத்தையும் குறிக்கும். அதே எண்ணுக்குரிய பாக வரைபடத்தைப் பார்த்து வாங்கினால்தான் பாகம் பொருந்தும்.

பிலடெல்பியாவில் 1932இல் தொடங்கிய பென் நிறுவனத்தின் எண் முறை இதைவிட எளிது. பாக எண்ணின் நடுவிலுள்ள சிறு கோட்டுக்கு முன்னால் வரும் எண் பாகத்தின் வகையையும், பின்னால் வரும் எண் அது எந்த மாடலுக்கென முதலில் செய்யப்பட்டது என்பதையும் காட்டும். 5 என்றால் முதன்மைக் கியர், 6 என்றால் டிராக் வாஷர் (மீன் இழுக்கும்போது நரம்பு இறுக்கத்தோடு வெளியேறச் செய்யும் வளையம்), 13 என்றால் பினியன் (முதன்மைக் கியரோடு இணையும் சிறு கியர்), 15 என்றால் ஹேண்டில், 29 என்றால் ஸ்பூல் (நரம்பு சுற்றும் உருளை). பென்னின் ஜிக்மாஸ்டர் 500இன் டிராக் வாஷருக்கு 6-60 என்று எண் இருப்பதைக் கவனியுங்கள். 60 மாடலின் வாஷரையே அதில் போட்டிருக்கிறார்கள். ஆகவே ரீலின் பெயரைக் கொடுத்துத் தேடிக் கிடைக்காதது, பாகத்தின் எண்ணைக் கொடுத்துத் தேடும்போது வேறொரு மாடலின் பெயரில் அகப்படுவதுண்டு. பென், அபு, மிட்செல் மூன்றுமே இன்று ப்யூர் ஃபிஷிங் நிறுவனத்தின் கீழ் இருப்பதால், வரைபடத்தை அங்கிருந்து தேடத் தொடங்கலாம்.

சில பாகங்களுக்கு ரீல் கடையை நாடவே வேண்டியதில்லை. பேரிங்கின் உள்விட்டம், வெளிவிட்டம், அகலம் ஆகியவற்றை வெர்னியர் அளவியால் அளந்தால், பெரும்பாலும் அது பொதுச் சந்தையில் உள்ள அளவாகவே இருக்கும். அம்பாசடர் 5000சி ஸ்பூலின் பேரிங் 3 × 10 × 4 மில்லிமீட்டர். பேரிங் கடையில் 623 என்று கேட்டால் தருவார்கள். கடலில் பயன்படுத்துவதானால் துருப்பிடிக்காத எஃகு வகையைக் கேளுங்கள், விலை கூடுதலானாலும். டிராக் வாஷருக்குக் கார்பன் நார்த் தகடு வாங்கி, பழைய உலோக வாஷரை அச்சாக வைத்து வெட்டிக்கொள்ளலாம். ஆனால் தடிமன் மாறினால் டிராக் இறுகும் அளவும் மாறிவிடும். புஷ் (தண்டு சுழலும் உலோக வளையம்), ஹேண்டில் குமிழ் போன்றவற்றை லேத் பட்டறையில் கடைந்து வாங்கலாம். கியரை மட்டும் அங்கே கொண்டுபோகாதீர்கள். செலவுக்கேற்ற துல்லியம் கிடைப்பது அரிது.

தேய்மானத்தில் கியரும் பினியனும் ஒன்றையொன்று பின்பற்றுபவை. ஒன்றை மட்டும் புதிதாகப் போட்டால் பழையது அதையும் அரித்துவிடும். ஜோடியாக வாங்குவதே நல்லது, வாங்குமுன் பற்களை எண்ணிக்கொள்ளுங்கள். நரம்பை ஸ்பூலில் சீராகப் பரப்பும் லெவல்வைண்டிலும் இதே கதைதான். அதன் சிறு நாக்கு தேய்ந்திருந்தால், அது ஓடும் திருகுத் தண்டின் வரிப்பள்ளத்தையும் விரல்நகத்தால் தடவிப் பாருங்கள். விளிம்பு கூராக இருந்தால் தண்டையும் மாற்ற வேண்டும்.

எந்த வழியிலும் பாகம் கிடைக்காதபோது, அதே மாடலின் பழுதான இன்னொரு ரீலை வாங்கிப் பிரிப்பதே எஞ்சும் வழி. பிரான்ஸின் க்ளூஸ் நகரில் தயாரான மிட்செல் 300க்கு இது மிகவும் ஏற்றது. ஏராளமாக விற்ற ரீல் என்பதால், தோற்றம் கெட்டு உள்ளே நன்றாயிருக்கும் பிரதிகள் மலிவாகக் கிடைக்கின்றன. விற்பவரிடம் கியர்ப் பக்க மூடியைத் திறந்த படத்தையும் தொடர் எண்ணின் படத்தையும் கேளுங்கள். ஹேண்டில் சுற்றும் காணொளியை அனுப்ப மறுப்பவரிடம் நான் வாங்குவதில்லை. இதே 300ஐப் போலத் தோன்றும் 301, ஹேண்டில் மறுபக்கம் உள்ள எதிர்க்கை ரீல் என்பதால், அதிலுள்ளவை அனைத்தும் இதில் பொருந்தா. 1950களின் சிவப்பு அம்பாசடர் போன்ற சேகரிப்பாளர்கள் தேடும் ரீல் தற்செயலாகக் கைக்கு வந்தால், அதைப் பாகத்துக்காகப் பிரிக்க வேண்டாம். அதை விற்ற பணத்தில் வேண்டிய பாகத்தைத் தாராளமாக வாங்கலாம்.

பொருத்தும்போது பழைய திருகுகளையே பயன்படுத்துங்கள். பழைய பென் ரீல்களில் அங்குல மரை உண்டு. மில்லிமீட்டர் திருகை வலிந்து முறுக்கினால் மரை அழிந்து, தேட வேண்டிய பாகங்களில் ஒன்று கூடிவிடும். பிரித்த ரீலில் மிஞ்சியவற்றைச் சிறு உறைகளிலிட்டு, பாக எண்ணையும் எந்த ரீலிலிருந்து எடுத்தது என்பதையும் பென்சிலால் எழுதி வையுங்கள்.